மூன்று சைரன்களும் ஒலித்ததாகப் பதிவு

லினக்ஸில் ஓடும் கணினிக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. ஒரு வேலை முடியாது என்றால், எதனால் முடியாது என்பதைப் பெயர் சொல்லித் தெரிவித்துவிடும். சுற்றி வளைக்காது. இன்ன பெயருள்ள ஃபைலைத் தேடினேன், கிடைக்கவில்லை, நிறுத்திக்கொள்கிறேன் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நின்றுவிடும். அந்த ஃபைலைக் கொண்டுவந்து கொடுத்தால் மறுபேச்சில்லாமல் வேலை செய்யும்.

ஏசுதாஸ் எப்படி இறந்தார் என்று கேட்டீர்கள், ஐயா. அந்த ஒரு வரியிலிருந்து தொடங்கினால்தான் என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியும்.

என் பெயர் தணிகைவேல். வயது இருபத்தொன்பது. ஊர் மானாம்பதி. பாலிடெக்னிக்கில் கணினி படித்தேன். நான்கு வருடமாகக் குவாரியில் கண்ட்ரோல் ரூம் ஆபரேட்டர். கண்ட்ரோல் ரூம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். மலைமேல் ஒரு தகரப் பெட்டி அறை. உள்ளே ஒரு கணினி, ஒரு வாக்கி-டாக்கி, ஒரு மேசை விசிறி.

குவாரியில் தினமும் பகல் ஒரு மணிக்கு வெடி வைப்பார்கள். அதற்கு முன் மூன்று முறை சைரன் ஒலிக்க வேண்டும். பன்னிரண்டே முக்காலுக்கு முதல் சைரன். பள்ளத்தில் இருப்பவர்கள் கருவிகளைப் போட்டுவிட்டு மேலே ஏறத் தொடங்க வேண்டும். ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது இரண்டாவது. அதற்குள் எல்லோரும் பாறை மறைவுக்கு வந்திருக்க வேண்டும். ஒரு மணிக்கு மூன்றாவது. அது அரை நிமிடம் நீளமாக ஒலித்து நின்றதும், வெடிக்காரர் புருஷோத்தமன் அண்ணனின் இரும்புக் கூண்டில் பச்சை விளக்கு எரியும். அவர் இருபது எண்ணிவிட்டு அழுத்துவார். இருபது வருடம் வெடிச் சத்தத்திலேயே இருந்து அவருக்குக் காது மந்தம். "எனக்குக் காது இன்னாத்துக்கு நைனா, கண்ணு கீதுல்ல" என்பார். விளக்கை மட்டும்தான் பார்ப்பார்.

சைரனையும் விளக்கையும் கணினி பார்த்துக்கொள்கிறது. சென்னையில் ஒரு நிறுவனம் வைத்துக் கொடுத்தது. ஒவ்வொரு சைரனும் எத்தனை மணிக்கு ஒலித்தது என்று தானாகப் பதிவாகும். ஆய்வுக்கு வருகிறவர்கள் அந்தப் பதிவைத்தான் கேட்பார்கள். மூன்றும் பதிவாகாமல் பச்சை எரியாது. பச்சை எரியாமல் வெடி வெடிக்காது.

கணினியைத் தினமும் ஓட்டுவது நான். ஆனால் அதில் புதிதாக எதையும் நிறுவ எனக்கு அனுமதி கிடையாது. அட்மின் பாஸ்வேர்ட் சென்னையில் சுபாஷ்ரீ என்ற இன்ஜினீயரிடம் இருந்தது.

மே மாதக் கடைசியில் கோடை மழையோடு இடி விழுந்து ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. நிறுவனம் புது டிஸ்க்கைக் கூரியரில் அனுப்பியது. ஒரு வியாழக்கிழமை காலை பொருத்தி, சைரன் புரோகிராமைத் தொடங்கினேன். அந்த ஒரு வரி வந்தது. ஒலிக்கான லைப்ரரி ஃபைல் கிடைக்கவில்லை.

ஒரு புரோகிராம் எல்லா வேலையையும் தானே செய்யாது, ஐயா. சத்தம் எழுப்ப, படம் காட்ட, எண்களைச் சரிபார்க்க என்று பொதுவான ஃபைல்கள் கணினியில் இருக்கும். பல புரோகிராம்கள் அவற்றைப் பகிர்ந்துகொள்ளும். ஷேர்டு லைப்ரரி என்பார்கள். எங்கள் புரோகிராமுக்கு அப்படிப் பத்தொன்பது வேண்டும். எது எங்கே இருக்கிறது என்று வரிசையாகக் காட்ட ஒரு கட்டளை உண்டு. போட்டுப் பார்த்தேன். பதினெட்டுக்கு நேராக இடம் காட்டியது. ஒன்றுக்கு நேராக மட்டும் இல்லை என்று வந்தது.

சுபாஷ்ரீக்குப் போன் செய்தேன்.

"டிஸ்க் ரெடி பண்ணும்போது விட்டிருப்பாங்க ப்ரோ. திங்கக்கிழமை நேர்ல வந்து போட்டுத் தரேன்."

"இன்னைக்கு வியாழக்கிழமை மேடம். பாஸ்வேர்ட் குடுத்தீங்கன்னா நானே போட்டுடுவேன்."

"சாரி ப்ரோ. அதைக் குடுத்தா நான் அடுத்த வேலை தேடணும்."

மேஸ்திரி வேதகிரி அண்ணன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பள்ளத்தில் வேலை செய்யும் பன்னிரண்டு பேருக்கும் அவர்தான் பொறுப்பு. ஐம்பத்தைந்து வயது இருக்கும். தோளில் எப்போதும் ஒரு சிவப்புத் துண்டு.

"இன்னாபா, அந்தப் பொண்ணு சாவி குடுக்க மாட்டேங்குதா? அப்ப பொட்டிய மூட்டை கட்டு. நான் கெளம்பி என் வேலையப் பாக்கறேன்."

"கொஞ்சம் இருங்கண்ணே."

"இரு இருன்னா எப்டி? மொதலாளி வேற வெய்யில்ல நின்னுகினு கீறாரு. பேஜார் புடிச்ச மிசினு."

முதலாளி ஜெகதீசன் அறைக்குள் வரவில்லை. வெளியிலிருந்தே, லாரிகள் நிற்கின்றன, ஒரு மணிக்கு வெடி நடந்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அட்மின் பாஸ்வேர்ட் இல்லாமல் இதைச் சரிசெய்ய முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். முடியும். கணினியின் பொது இடத்தில் நான் கை வைக்க முடியாதுதான். ஆனால் எனக்கென்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. அதற்குள் நான் எதை வைத்தாலும் யாரும் தடுக்க முடியாது. லைப்ரரியை அங்கே வைத்துவிட்டு, முதலில் இங்கே தேடு என்று ஒரு வரி எழுதிவிட்டுப் புரோகிராமைத் தொடங்கினால் போதும். அது அங்கே தேடும். பெயர் சரியாக இருந்தால் எடுத்துக்கொள்ளும். சொன்ன வேலையை அந்த ஃபைல் உண்மையில் செய்கிறதா என்று சரிபார்க்காது.

அன்று சரியான லைப்ரரியை இறக்க மலைமேல் நெட் கிடைக்கவில்லை. மணி பதினொன்றரை. அதனால் என் லேப்டாப்பில் நானே ஒரு லைப்ரரி எழுதினேன். சைரன் புரோகிராம் ஒலி லைப்ரரியிடம் பதினொரு வேலைகள் சொல்லும். ஸ்பீக்கரைத் திற, சத்தத்தை அனுப்பு, மூடு என்பதுபோல. பதினொன்றுக்கும் ஒரே பதில் எழுதினேன். ஆயிற்று. அவ்வளவுதான் அந்த லைப்ரரி. எதையும் செய்யாது. எல்லாவற்றுக்கும் ஆயிற்று என்று சொல்லும். பென்டிரைவில் எடுத்துவந்து, 'சும்மா' என்று ஒரு ஃபோல்டர் திறந்து அதில் வைத்தேன்.

புரோகிராம் திறந்துகொண்டது.

இன்றைக்குச் சத்தம் வராது, பதிவும் பச்சை விளக்கும் மட்டும் வரும் என்று வேதகிரி அண்ணனிடம் அப்போதே சொன்னேன். இதில் நான் எதையும் மறைக்கவில்லை. அவர் துண்டை எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறினார். பள்ளத்துக்கு நேர் மேலே ஒரு மேடு இருக்கிறது. அங்கே நின்று துண்டைச் சுழற்றினால் ஆட்கள் மேலே வருவார்கள். சைரன் வருவதற்கு முன் அதுதான் வழக்கம். சைரன் வந்த பிறகும் அவர் விடவில்லை. அன்று பதினொரு பேர் துண்டைப் பார்த்து வந்தார்கள். ஏசுதாஸ் அண்ணன் கிழக்குப் பள்ளத்தில் துளை போட்டுக்கொண்டிருந்தார். அது பாறைக்குப் பின்னால் வளைந்து போகும் இடம். வேதகிரி அண்ணன் அங்கே இறங்கிப் போய்த் தோளில் தட்டிக் கூட்டிவந்தார். ஒரு மணிக்கு வெடி நடந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அன்று மாலை முதலாளி கேட்டார். நான் செய்ததை விளக்கினேன். கொஞ்சம் பெருமையாகவே விளக்கினேன் என்று நினைக்கிறேன். அது என் தவறு. இந்த விஷயத்தில் என் தவறு என்று நான் ஒப்புக்கொள்வது அதைத்தான்.

மறுநாள் காலை வீட்டில் நெட் கிடைத்தது. அதே பதிப்பு லினக்ஸுக்கான பேக்கேஜை இறக்கி, நிறுவாமல் பிரித்து, உள்ளே இருந்த உண்மையான லைப்ரரியை மட்டும் எடுத்தேன். குவாரிக் கணினியில் 'சத்தம்' என்று இரண்டாவது ஃபோல்டர் திறந்து அதில் வைத்தேன். தேடும் வரியில் முதலில் சத்தம், நடுவே ஒரு முக்காற்புள்ளி, பிறகு சும்மா. தேடும்போது முதலில் கிடைப்பதை எடுத்துக்கொள்ளும். அடுத்த ஃபோல்டரைத் திறந்துகூடப் பார்க்காது. சும்மாவை அழித்திருக்கலாம். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று விட்டுவைத்தேன்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டே முக்காலுக்குச் சைரன் மலை முழுக்கக் கேட்டது. சுபாஷ்ரீக்குச் சொன்னேன். சூப்பர் ப்ரோ, அப்ப நான் வரத் தேவையில்லை என்றார். வரவில்லை.

அதைப் பாராட்டியவர் ஏசுதாஸ் அண்ணன் ஒருவர்தான். காவாந்தண்டலத்துக்காரர். மலையில் துளை போடும் வேலை. வெள்ளிக்கிழமைகளில் அவர் மனைவி மேரி அக்கா கருவாட்டுக் குழம்பு கொடுத்தனுப்புவார். அண்ணன் தூக்குச் சட்டியோடு என் அறைக்கு வந்து, என் டப்பாவில் பாதியை ஊற்றிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார்.

"நேத்து இன்னாமோ மாரி இருந்துச்சு தம்பி. உன் சைரன் கேக்காம எனக்குப் பசியே எடுக்கல."

"பசி வவுத்துல தானண்ணே வரும்?"

"உனக்கு வவுத்துல. எனக்குக் காதுல."

நான் சிரித்தேன். அவர் நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை என்று பிறகு புரிந்தது.

ஆகஸ்ட் வரை இப்படியே போனது. வேதகிரி அண்ணன் மட்டும் விடவில்லை. என் அறையைக் கடக்கும்போதெல்லாம் ஏதாவது சொல்லிவிட்டுத்தான் போவார். "இன்னா ஆபீசர், இன்னிக்கு மிசினுக்கு நாஷ்டா போட்டியா?" என்பார். "அன்னைக்கு ஒரு நாளு உன் மிசினு ஊமை ஆச்சே, இன்னா கொறஞ்சு போச்சு?" என்பார். ஆட்கள் சிரிப்பார்கள். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

சுதந்திர தினத்துக்கு மறுநாள் முதலாளி என்னையும் அவரையும் கூப்பிட்டார். மலையடிவாரத்தில் அவருடைய மைத்துனர் மனை பிரித்து விற்கிறார். மனை பார்க்க வருகிறவர்களை மதியத்தில்தான் வேனில் அழைத்துவருவார்களாம். சைரனைக் கேட்டுப் பயந்துபோகிறார்கள் என்று மைத்துனர் குறைப்பட்டிருக்கிறார்.

"வெடியும் கேக்குமே சார்" என்றேன்.

"வெடி ஒரு செகண்டு. இடின்னு சொல்லிக்கலாம். உன் சைரன் கால் மணி நேரம் ஊளையிடுதுப்பா. அன்னைக்குச் சத்தமே இல்லாம பதிவு மட்டும் வந்துச்சே. செப்டம்பர் ஒண்ணாம் தேதியில இருந்து அதே மாதிரி வெச்சுடு."

"ஆளுங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

வேதகிரி அண்ணன் குறுக்கே வந்தார். "நான் இன்னாத்துக்கு கீறேன்? உன் சைரன் வந்து நாலு வருசம். அதுக்கு முன்னால பதினாறு வருசம் இந்தத் துண்டு தான். ஒருத்தனுக்கு ஒரு கீறல் வுழுந்துச்சா, சொல்லு. என் துண்டுக்கு வராதவன் உன் சைரனுக்கு வருவானா? எனக்குச் சைரனே வாணாம் மொதலாளி. இவன் பொத்தான அமுக்கட்டும், ஆளுங்கள நான் பாத்துக்கறேன்."

"அவ்ளோதான். நீ பதிவ மட்டும் பாரு தணிகை" என்றார் முதலாளி.

புகார் கொடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்டீர்கள். யோசித்தேன். விசாரிக்க வருகிறவர்கள் பதிவைக் கேட்பார்கள். பதிவில் மூன்று சைரன்களும் ஒலித்ததாக இருக்கும். அப்படி இருக்கும்படி செய்தவன் நான்தான். என் பேச்சை யார் நம்புவார்கள்?

ஆக, செப்டம்பர் ஒன்றிலிருந்து சைரன் இருக்காது. பன்னிரண்டு பேர் ஒரு துண்டை நம்பிப் பள்ளத்தில் இருப்பார்கள். என்றைக்காவது ஒருநாள் ஒருவர் மேலே வராமல் போவார். இது கணக்குப் போட்டுப் பார்த்தால் யாருக்கும் தெரியும். அப்படி நடந்த பிறகு சைரன் திரும்பி வரும். அந்த நாள் எப்போது வரும் என்பது மட்டும்தான் தெரியாது. பத்து நாளிலும் வரலாம், பத்து வருடத்திலும் வரலாம். ஒருவரும் போகலாம், நான்கு பேரும் போகலாம்.

நான் அந்த நாளைச் செப்டம்பருக்கு நான்கு நாள் முன்னதாக வைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் இருபத்தெட்டு, புதன்கிழமை. காலை பத்து மணிக்குப் புரோகிராமை நிறுத்தி, அந்தத் தேடும் வரியில் இரண்டு பெயர்களையும் இடம் மாற்றினேன். முதலில் சும்மா, பிறகு சத்தம். மீண்டும் தொடங்கினேன். ஒரு நிமிடத்துக்கும் குறைவான வேலை. வேதகிரி அண்ணன் தனக்குச் சைரனே வேண்டாம் என்று முதலாளி முன்னால் சொன்னவர். அவர் சொன்னது உண்மையா என்று பார்ப்பதுதான் என் நோக்கம். உண்மையாக இருந்தால் யாருக்கும் எதுவும் ஆகாது. இந்த முறை மட்டும் அவரிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொன்னால் அது பரீட்சை ஆகாது.

பன்னிரண்டே முக்காலுக்கு முதல் சைரன் பதிவானது. அறையில் விசிறிச் சத்தம் மட்டும் இருந்தது. ஜன்னல் வழியாக மேடு தெரியும். வேதகிரி அண்ணன் செல்போனில் மணி பார்த்துவிட்டு, எழுந்து துண்டைச் சுழற்றினார். அதைச் சொல்லியாக வேண்டும். அவர் தன் வேலையைச் சரியாகச் செய்தார். ஒவ்வொருவராக மேலே வந்தார்கள். ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தபோது இரண்டாவது பதிவானது. மறைவில் பதினொரு பேர் இருந்தார்கள். அவர் விரல் நீட்டி எண்ணுவதைப் பார்த்தேன். இரண்டு முறை எண்ணினார். பிறகு ஒரு கல்லில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்.

அவர் ஏன் உட்கார்ந்தார் என்று எனக்குப் புரிந்தது. சைரன் இன்னும் அடிக்கவில்லை, நேரம் இருக்கிறது, ஏசுதாஸ் சைரனுக்கு வந்துவிடுவான் என்று உட்கார்ந்திருக்கிறார்.

ஒரு மணிக்கு ஒரு நிமிடம் இருந்தபோது வாக்கி-டாக்கியில் கூப்பிட்டார்.

"தணிகை, இன்னாபா, சைரன் இன்னும் அடிக்கலியே. என் போன்ல மணி தப்பா காட்டுதா? ஏசுதாசு வேற இன்னும் ஏறல."

அந்த வார்த்தையை அவர் வாயால் கேட்க நான் பன்னிரண்டு நாள் காத்திருந்தேன். சைரன் இன்னும் அடிக்கலியே.

"ரெண்டும் அடிச்சாச்சுண்ணே. பதிவுல கீது" என்றேன்.

"இன்னா சொல்ற? எனக்குக் கேக்கலியே."

"உங்களுக்கு இன்னாத்துக்குண்ணே சைரன்?"

அவர் வாக்கி-டாக்கியைக் கீழே போட்டுவிட்டுக் கிழக்குப் பள்ளத்தை நோக்கி ஓடினார். ஐம்பத்தைந்து வயதில் அப்படி ஓடுவார் என்று நான் நினைக்கவில்லை. துண்டு கையில் இருந்தது. கத்திக்கொண்டே ஓடினார் என்று மற்றவர்கள் சொன்னார்கள். அறைக்குள் எனக்குக் கேட்கவில்லை. புருஷோத்தமன் அண்ணனைக் கூப்பிட அவருக்கு வழி இல்லை. வெடிக்குப் பக்கத்தில் வாக்கி-டாக்கி வைத்திருக்கக் கூடாது என்பது விதி. வெடிக்காரருக்கு விளக்கு மட்டும்தான்.

நிறுத்தும் பொத்தான் என் மேசையில் இடது கைப் பக்கம் இருக்கிறது. சிவப்பு. அதை அழுத்தினால் பச்சை எரியாது. எரிந்திருந்தாலும் அணைந்துவிடும். மூன்றாவது சைரன் பதிவாக அரை நிமிடம், புருஷோத்தமன் அண்ணன் எண்ணுவது இருபது, அதற்கு முன் மீதியிருந்த நேரம். எல்லாம் சேர்த்தால் ஒன்றரை நிமிடம் எனக்கு இருந்தது.

நான் அந்தப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுத்தியிருந்தால் மறுநாள் எல்லாம் பழையபடி ஆகிவிடும். மிசினு கெட்டுப் போச்சு, துண்டு காப்பாத்துச்சு என்று வேதகிரி அண்ணன் வருடக் கணக்கில் சொல்லிக்கொண்டிருப்பார்.

பச்சை எரிந்தது. நானும் இருபது எண்ணினேன்.

வேதகிரி அண்ணன் பாதிச் சரிவில் இருந்ததால் காலில் மட்டும் அடி. ஏசுதாஸ் அண்ணனை வெளியே எடுக்க நாலு மணி ஆனது. என் டப்பாவில் தக்காளிச் சாதம் இருந்தது. நாலரை மணிக்குச் சாப்பிட்டேன். சாப்பிடுவதற்கு முன் அந்த வரியைப் பழையபடி மாற்றி வைத்துவிட்டேன்.

இனிதான் நான் எதிர்பார்க்காதது நடந்தது, ஐயா.

சைரன் இல்லாததால் ஒருவர் இறந்துவிட்டார் என்று எல்லோரும் சொல்வார்கள், சைரன் நிலைத்துவிடும் என்று நினைத்திருந்தேன். ஆனால் முதலாளி அன்று மாலையே ஆட்களைக் கூட்டிப் பேசினார். பதிவில் மூன்றும் இருக்கிறது, யார் கேட்டாலும் அடித்தது என்றே சொல்லுங்கள், இல்லாவிட்டால் குவாரியை மூடிவிடுவார்கள், எல்லோரும் வேலைக்கு வேறு இடம் பார்க்க வேண்டியதுதான் என்றார். ஆட்கள் சரி என்றார்கள். ஏன் அடிக்கவில்லை என்று அவர் என்னைக் கேட்கவே இல்லை; சத்தமில்லாமல் ஓட்டச் சொன்னவர் அவர்தானே. வேதகிரி அண்ணன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து என்னைக் கேட்டார்.

"நெஜமா அடிச்சுதா தணிகை?"

"பதிவுல கீதுண்ணே."

"நான் தண்ணி குடிக்கச் சொல்ல அடிச்சிருக்குமோ?"

"இருக்கலாம்ணே."

மூன்றாம் நாள் அவரே நம்பத் தொடங்கிவிட்டார். சைரன் அடித்தும் ஏசுதாஸ் வரவில்லை என்று விசாரணையில் கையெழுத்துப் போட்டார். மறுநாள் பத்திரிகையில், சைரன் ஒலித்தும் வெளியேறாத தொழிலாளி பலி என்று வந்தது. முதலாளி அதை என்னிடம் காட்டினார். "பாரு, அடிச்சும் ஒண்ணும் பிரயோஜனம் இல்ல. இதுக்கா இவ்ளோ சத்தம்? துண்டே போதும்" என்றார். செப்டம்பரிலிருந்து 'சும்மா'தான் ஓடியது.

அடக்கம் முடிந்து ஒரு வாரம் கழித்து மேரி அக்கா மலைக்கு வந்தார். மகள் நிஷாவும் கூட வந்திருந்தாள். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். அவள் உள்ளே வரவில்லை. மேரி அக்கா தூக்குச் சட்டியை வாங்கிப் போக வந்தார். முந்திய வெள்ளிக்கிழமை அண்ணன் விட்டுப்போனது, என் அறையில்தான் இருந்தது. கழுவி வைத்திருந்தேன்.

"தம்பி, உன்னாண்ட ஒண்ணு கேக்கணும். அன்னைக்குச் சைரன் அடிச்சுதா?"

"பதிவுல கீதுக்கா. மூணும்."

"எங்க வூட்டுக்காரருக்குச் சத்தம் கேக்காம இருக்காதே. வூட்ல தூங்கச் சொல்லகூட, பக்கத்து மில்லு சங்கு ஊதினா எழுந்து குந்திக்கும். நானும் புள்ளையும் சிரிப்போம்."

நான் சட்டியை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"அப்ப அது மேல தான் தப்பா? எல்லாரும் அப்டித் தான் சொல்றாங்க. குடிச்சிருந்தாரான்னு என்னாண்டயே கேக்குறாங்க தம்பி. பதினஞ்சு வருசமா அது தொட்டதில்ல." மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். "நீயே சொல்றன்னா அடிச்சிருக்கும். அது தான் கவனிக்கல போல."

சட்டியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அது சரியில்லை, ஐயா. அன்று முழுக்க யோசித்தேன். ஏசுதாஸ் அண்ணன் நான்கு வருடத்தில் ஒருநாள்கூடச் சைரனைத் தவறவிட்டதில்லை. அடித்தும் வரவில்லை என்று பதிவாகிவிட்டால், சைரன் அடித்தாலும் ஆட்கள் வரமாட்டார்கள் என்று ஆகிவிடும். நடந்ததற்கு நேர் எதிரானது அது. அதனால்தான் நானாகவே பேருந்து ஏறி ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்தேன். யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. என் கணினியில் அந்த இரண்டு ஃபோல்டர்களும் இப்போதும் இருக்கின்றன. யாரை வேண்டுமானாலும் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று கேட்டீர்கள். ஏன் புதன்கிழமை? முதலாளி பதினாறாம் தேதி சொன்னார். அடுத்த நாளே செய்திருக்கலாமே, ஏன் பன்னிரண்டு நாள்?

அந்த நாட்களில் ஏசுதாஸ் அண்ணனுக்கு மேற்குப் பக்கம் வேலை. அங்கிருந்து மேடு நன்றாகத் தெரியும். அப்போது செய்திருந்தால் பன்னிரண்டு பேரும் துண்டைப் பார்த்து மேலே வந்திருப்பார்கள். கிழக்குப் பள்ளத்தில் துண்டு தெரியாது, உன் சைரன் ஒன்றுதான் எனக்குத் துணை என்று ஏசுதாஸ் அண்ணனே என்னிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறார், குழம்பு ஊற்றிக்கொண்டே. தினமும் காலையில் வேலைப் பலகையைப் பார்த்துவந்தேன். புதன்கிழமை அவர் பெயருக்கு நேராகக் கிழக்கு என்று எழுதியிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அந்த வரியை மாற்றினேன். அவர் வரமாட்டார் என்று தெரிந்துதான் மாற்றினேன்.

இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். அன்று சைரன் ஒலிக்கவில்லை. ஒலித்திருந்தால் ஏசுதாஸ் அண்ணன் வந்திருப்பார். என் சைரன் இதுவரை ஒருவரைக்கூடக் கைவிட்டதில்லை.